ஷோகேஸில் இருக்கும் ஜப்பான் கிண்ணத்தில் ரசம் சாதம் சாப்பிடலாமா?

யென் மதிப்பு இறங்கியதிலிருந்து நம் வட்டத்தில் பல குடும்பங்கள் ஜப்பான் போய் வந்துவிட்டன. புல்லட் ரயில், ஃபூஜி மலை, டிஸ்னி எல்லாம் முடிந்து திரும்பும்போது பெட்டியில் துணிக்கு நடுவே சுருட்டி வைத்த இரண்டு கிண்ணமோ ஒரு டீ கப்போ கட்டாயம் இருக்கும். வீடு வந்ததும் அவை நேராகப் போகும் இடம் ஷோகேஸ். "கையால செஞ்சது, விலை ஜாஸ்தி, பசங்க உடைச்சிடுவாங்க." காரணம் நியாயமானதுதான். ஆனால் அதைச் செய்தவரிடம் கேட்டால் கொஞ்சம் வருத்தப்படுவார். அந்தக் கிண்ணம் சாப்பிடுவதற்காகவே செய்யப்பட்டது.

நாங்கள் டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் மூன்று வருஷம் குடியிருந்தோம். இப்போது மெல்பர்ன். அங்கே வாங்கிய பாத்திரங்களில்தான் இங்கே தினமும் சாம்பார், ரசம், பொரியல் எல்லாம் போகிறது. நான் குயவன் இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். இந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: பூட்டி வைப்பது பராமரிப்பு ஆகாது. அது எந்த மண் என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்றபடி தினமும் புழங்குவதே பராமரிப்பு. ஜப்பானியர்கள் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். பாத்திரத்தை 'வளர்ப்பது' என்பார்கள்.

முதலில் தட்டிப் பாருங்கள்

வாங்கி வந்த கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்து, விளிம்பில் நகத்தால் லேசாகத் தட்டுங்கள். 'டிங்' என்று மணி மாதிரி கேட்டால் அது ஜிகி, அதாவது போர்சலின். கல்லை அரைத்துச் செய்தது. சுமார் 1300 டிகிரி செல்சியஸில் சுடுவதால் உள்ளே கண்ணாடி போல இறுகிவிடும், தண்ணீர் குடிக்காது. மெல்லிய ஜிகியை விளக்குக்கு எதிரே பிடித்தால் வெளிச்சம் கசியும்.

'டொக்' என்று அடங்கிக் கேட்டால் அது தோகி, மண் பாத்திரம். வெளியே பளபளவென்று பூச்சு இருந்தாலும் உள்ளே நுண்ணிய துளைகள் இருக்கும். தண்ணீர், எண்ணெய், மஞ்சள் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். கிண்ணத்தைக் கவிழ்த்து அடிவளையத்தைப் பாருங்கள். அங்கே பூச்சு இருக்காது, மண் அப்படியே தெரியும். அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், ஜிகியில் சொட்டு அப்படியே நிற்கும். தோகியில் மெல்ல உள்ளே இறங்கிவிடும்.

மூன்றாவது வகை யாகிஷிமே. பூச்சே இல்லாமல், நல்ல சூட்டில் நீண்ட நேரம் சுட்டு இறுக்கியது. தொட்டால் சொரசொரப்பு.

இந்த மூன்றில் உங்களிடம் இருப்பது எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எந்த ஊர்க் கிண்ணம்?

நம் ஊரில் பத்தமடைப் பாய், காஞ்சிபுரம் பட்டு என்று சொல்வது போல அங்கே பாத்திரத்தை ஊர் பெயரால்தான் சொல்வார்கள். 'யாகி' என்று முடிந்தால் அந்த ஊர்ச் சூளையில் சுட்டது என்று பொருள்.

அரிதா, கியூஷு தீவில் இருக்கிறது. வெள்ளைப் போர்சலினில் நீலக் கோலங்கள் பார்த்திருப்பீர்களே, அது பெரும்பாலும் இந்தப் பக்கத்துச் சரக்கு. 1590-களில் ஜப்பான் கொரியா மீது படையெடுத்தது. அப்போது அங்கிருந்து குயவர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவரான யி சம்-பியோங் அரிதாவில் போர்சலினுக்கு ஏற்ற கல்லைக் கண்டுபிடித்தார் என்று அந்த ஊர் அவரை இன்றும் கொண்டாடுகிறது. ஊரில் அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. ஜப்பானியப் போர்சலின் என்று உலகம் பாராட்டுவதன் தொடக்கத்தில், சொந்த நாட்டை விட்டுக் கொண்டுவரப்பட்டவர்களின் கை இருக்கிறது. புலம்பெயர்ந்த குடும்பங்களில் வளர்ந்த நாம் இதைச் சும்மா கடந்து போக முடியாது.

ஹாகி, யமாகுச்சி மாநிலத்தில் இருக்கிறது. இதுவும் கொரியக் குயவர்கள் தொடங்கியதுதான். மென்மையான மண், அதன்மேல் வலைப்பின்னல் போல நுண்விரிசல் ஓடும் பூச்சு. அந்த விரிசல் வழியாக டீ உள்ளே இறங்கி, வருஷக்கணக்கில் கோப்பையின் நிறமே மாறும். 'ஹாகி ஏழு முறை மாறும்' என்று ஒரு வழக்கு உண்டு. புதிதில் சில கோப்பைகள் அடியில் லேசாகக் கசியக்கூட செய்யும். ஓட்டை என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புழங்கப் புழங்கக் கசிவு குறையும்.

பிஸென், ஒகயாமா மாநிலத்தில். பூச்சு இல்லாத யாகிஷிமே. பைன் விறகை இட்டு இரண்டு வாரம் வரைகூட விடாமல் எரிப்பார்கள். பறந்து வந்து ஒட்டும் சாம்பல் உருகி எள் தூவியது போல நிற்கும். வைக்கோல் சுற்றி வைத்த இடத்தில் செந்நிறக் கோடு விழும். வரைவதற்கு யாரும் இல்லை, நெருப்பே வரைகிறது.

மஷிகோ, டோக்கியோவுக்கு வடக்கே. தண்ணீர்ச் சாடி, மாவு அரைக்கும் கிண்ணம் என்று சமையலறைச் சாமான் செய்த ஊர். 1920-களில் ஹமதா ஷோஜி என்ற குயவர் இங்கே வந்து குடியேறினார். 1955-ல் ஜப்பான் அரசு அவரை 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்று அறிவித்தது. அத்தனை பெயர் வாங்கியவர் தன் பாத்திரங்களில் கையெழுத்துப் போடவில்லை. அவருடைய நண்பர் யானகி சோஎத்சு, பெயர் தெரியாத கைவினைஞர்கள் செய்த அன்றாடப் பொருட்களில்தான் உண்மையான அழகு என்று வாதாடியவர். அதற்காகவே 1936-ல் டோக்கியோவில் ஒரு அருங்காட்சியகம் திறந்தார். புழங்குவதில் பிறக்கும் அழகு என்பது அவர்கள் கட்சி. ஷோகேஸ் கதவைத் திறக்க இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

முதல் நாள்: அரிசி கழுவிய தண்ணீர்

ஜிகி என்றால் கழுவி உடனே பயன்படுத்தலாம். தோகிக்கு மட்டும் ஒரு முன்வேலை உண்டு. பெயர் மெதொமே. துளை அடைப்பது என்று பொருள்.

அரிசி கழுவிய தண்ணீரை ஒரு பெரிய பாத்திரத்தில் விடுங்கள். அடியில் ஒரு துணி போட்டு, கிண்ணம் முழுவதும் மூழ்கும்படி வைத்து, சின்னத் தீயில் சூடேற்றுங்கள். 20, 30 நிமிஷம் மெல்லக் கொதித்தால் போதும். அடுப்பை அணைத்து, தண்ணீர் முழுசாக ஆறும் வரை அதிலேயே விடுங்கள். பிறகு கழுவி, ஒன்றிரண்டு நாள் காற்றில் காயவிடுங்கள். கஞ்சியின் பசை மண்ணின் துளைகளில் படிந்து, குழம்பும் எண்ணெயும் எளிதில் இறங்காமல் தடுக்கும்.

இதை அம்மாவிடமோ பாட்டியிடமோ சொல்லிப் பாருங்கள். "இதுல என்ன அதிசயம், மண்சட்டி பழக்குற மாதிரிதானே?" என்பார்கள். அதேதான். சோறு வடிக்கும் இரண்டு நாடுகள், ஒன்றை ஒன்று கேட்காமல், ஒரே விடைக்கு வந்திருக்கின்றன.

இரண்டு எச்சரிக்கை. தங்க, வெள்ளிக் கோடு போட்டதையும், பூச்சுக்கு மேல் வண்ணம் தீட்டியதையும் கொதிக்க வைக்க வேண்டாம். செய்தவரோ கடைக்காரரோ வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதே சட்டம். எங்கள் தொழிலில் மேனுவலைப் படிக்காதவர்கள் அதிகம், இங்கே அந்தப் பழக்கம் வேண்டாம்.

அடிவளையம் சொரசொரப்பாக இருந்தால், மெல்லிய உப்புத்தாளால் இரண்டு சுற்றுத் தேய்த்துவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் மேசையில் கோடு விழும்.

மஞ்சளும் எண்ணெயும்

நம் சமையல் இந்தப் பாத்திரங்களுக்குச் சோதனைதான். ஆனால் ஜப்பானியருக்கு மஞ்சள் கறை புதிது இல்லை. பிரிட்டன் வழியாக அங்கே போன 'கரே ரைஸ்' இன்று அவர்கள் வீட்டுச் சாப்பாடு. அவர்கள் கையாளும் வழி ரொம்ப எளிது: பரிமாறுவதற்கு முன் தோகியைத் தண்ணீரில் நனைப்பது.

சமையல் முடிகிற நேரத்தில் கிண்ணத்தைச் சுத்தமான தண்ணீரில் ஐந்து, பத்து நிமிஷம் போட்டு வையுங்கள். எடுத்துத் துடைத்துவிட்டுப் பரிமாறுங்கள். துளைகளில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருப்பதால் குழம்புக்கு அங்கே இடம் குறைவு. பூச்சு இல்லாத பிஸென் வகைக்கும் இதே முறைதான்.

அதையும் மீறிக் கறை விழுந்தால் நல்லாக் கழுவி வெயிலில் வையுங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் வெளுக்கும், வெள்ளை வேட்டியில் பட்ட மஞ்சள் கறைக்கு நம் வீடுகளில் செய்ததுதான். ஆழமாக இறங்கியதற்கு, குளோரின் இல்லாத ஆக்சிஜன் பிளீச்சை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற வைக்கலாம். அப்புறம் சுத்தமான தண்ணீரில் நீண்ட நேரம் ஊற வைத்து அலச வேண்டும். தங்கம், வெள்ளி, மேல்வண்ணம் இருந்தால் பிளீச் பக்கமே போக வேண்டாம்.

கொதிக்கிற தாளிப்பை நேராகக் கிண்ணத்தில் கொட்டாதீர்கள். திடீர்ச் சூட்டில் விரிசல் விடலாம், எண்ணெயும் ஊறிவிடும். தாளிப்பைச் சமைத்த பாத்திரத்திலேயே சேர்த்துவிட்டு அப்புறம் பரிமாறலாம். ஊறுகாய், எண்ணெய் மிதக்கும் கறி, எலுமிச்சை சாதம் எல்லாம் ஜிகிக்கு. தயிர் சாதம், பொரியல், பழம், இட்லி எல்லாம் தோகிக்கு. எங்கள் வீட்டில் இந்தப் பங்கீடு நன்றாகவே நடக்கிறது. மிச்சத்தை அதே கிண்ணத்தில் ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள்.

எல்லாத்தையும் மீறிக் கொஞ்சம் நிறம் தங்கிவிட்டால்? தங்கட்டும். அதுதான் 'வளர்வது'. ஹாகி கோப்பைக்கு டீ நிறம் கொடுக்கிறது என்றால், நம் வீட்டுக் கிண்ணத்துக்கு சாம்பார் கொடுக்கட்டுமே.

கழுவுவதை விடக் காயவைப்பது முக்கியம்

தோகி கெட்டுப்போவது பெரும்பாலும் ஈரத்தால். மேலே துடைத்தால் காய்ந்த மாதிரி இருக்கும். உள்ளே ஈரம் இருக்கும். அப்படியே அடுக்கி அலமாரியில் மூடினால் பூஞ்சையும் வாடையும் வந்துவிடும். அதனால்:

• சாப்பிட்டதும் கழுவுங்கள். சிங்க்கில் எண்ணெய்த் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள்.
• மெல்லிய ஸ்பாஞ்ச், கொஞ்சம் சோப்பு. இரும்பு நார் கூடாது.
• கவிழ்த்து வைத்து அடிவளையம் காயும் வரை விடுங்கள். குளிர்காலத்தில், ஹீட்டர் ஓடாத அறையில், ஒரு நாள்கூட ஆகலாம்.
• அடுக்கும்போது இடையில் ஒரு டிஷ்யூவோ துணியோ வையுங்கள். கனமானது கீழே.
• டீ கெண்டிக்கு, முக்கியமாகத் தொகோனாமே ஊரின் செம்மண் கெண்டிக்கு, உள்ளே சோப்பு வேண்டாம். வெந்நீரில் அலசிக் காயவைத்தால் போதும்.

டிஷ்வாஷர்? வண்ணமும் தங்கமும் இல்லாத கெட்டியான ஜிகி பெரும்பாலும் தாங்கும். தோகியும் யாகிஷிமேயும் வேண்டாம். காரமான சோப்பும் நீண்ட நேர ஈரச் சூடும் அவற்றுக்கு ஆகாது, ஒன்றோடு ஒன்று இடித்து விளிம்பும் போகும்.

மைக்ரோவேவ்? தங்கம், வெள்ளி இருந்தால் பொறி பறக்கும். தோகியில் உறிஞ்சிய தண்ணீர் சூடாகி, சாப்பாட்டை விடக் கிண்ணம் கொதிக்கும், சில சமயம் விரிசல் விடும். கடையிலேயே கேட்டுவிடுவது நல்லது: "ரென்ஜி தாய்ஜோபு தெஸ் கா?" என்றால் மைக்ரோவேவில் வைக்கலாமா என்று அர்த்தம். தயங்காமல் பதில் சொல்வார்கள்.

அடுப்பில் ஏறும் டொனாபே

டொனாபே என்பது அடுப்பில் வைக்கும் மூடி போட்ட மண்சட்டி. எல்லா மண்ணும் தீயைத் தாங்காது. இகா ஊரின் மண், பிவா ஏரியின் பழைய படுகையிலிருந்து வந்தது. அதிலிருந்த தாவர எச்சங்கள் சூளையில் எரிந்துபோய் அந்த இடம் துளையாகிவிடும், சூடு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். சோறு வைக்க அருமை.

இதற்கு மெதொமே தண்ணீர் போதாது. முதல் சமையலே குழைந்த கஞ்சிதான். முக்கால் சட்டித் தண்ணீரில் கொஞ்சம் சோறு போட்டு, சின்னத் தீயில் கஞ்சியாக்கி, ஆறவிட்டு, அப்புறம் கழுவுவது. அடிப்பகுதி ஈரமாக இருக்கும்போது அடுப்பில் ஏற்றக் கூடாது. காலியாகச் சூடேற்றக் கூடாது. சூட்டோடு ஈரமான மேடையில் வைக்கக் கூடாது. இண்டக்‌ஷன் அடுப்பு என்றால், அதற்கென்று செய்ததா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா?

நாம் உண்மையில் பயப்படுவது இதற்குத்தான். மண்ணுக்கு ஒன்றும் ஆகாது, பசங்க போட்டு உடைப்பார்கள்.

ஜப்பானிய வீடுகளில் வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிச் சோற்றுக் கிண்ணம் உண்டு. குழந்தைக்கும் சின்னதாக ஒன்று. நாகசாகி மாநிலத்தின் ஹசாமி ஊரில் பள்ளி மதிய உணவுக்கென்றே உறுதியான போர்சலின் பாத்திரங்கள் செய்கிறார்கள். உடையும் என்று தெரிந்தேதான் கொடுக்கிறார்கள். பிளாஸ்டிக் தட்டு கீழே விழுந்தால் ஒன்றும் ஆகாது, அதனால் அது எதையும் கற்றுக்கொடுப்பதும் இல்லை. உடையக்கூடியதைப் பிடிக்கும்போதுதான் கை கவனம் பழகுகிறது.

எங்கள் மகளுக்கு நாலு வயதில் மஷிகோவில் ஒரு கிண்ணம் வாங்கினோம். அவளே தேர்ந்தெடுத்தது, பழுப்பு நிறம், கொஞ்சம் கோணல். ஆறு வயதில் அது கை நழுவித் தரையில் விழுந்து மூன்று துண்டானது. அவள் அழுத அழுகை, பொம்மை உடைந்த அழுகை மாதிரி இல்லை. "அதைச் செஞ்ச தாத்தாவுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாரா?" என்று கேட்டாள். ஒரு பொருளுக்குப் பின்னால் ஒரு மனுஷர் இருக்கிறார் என்பது அவளுக்கு எப்போது புரிந்தது என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கொடுப்பதற்குச் சில யோசனைகள். ஜப்பானியச் சோற்றுக் கிண்ணம் கையில் தூக்கிச் சாப்பிடுவதற்கானது. சுமார் 12 செ.மீ. அகலம், அடிவளையம் விரல் சுடாமல் பிடிப்பதற்கு. கையால் பிசைந்து சாப்பிடும் நமக்கு அது குறுகல், ஆடவும் ஆடும். பிள்ளைகளுக்கு அகலமான, அடி கனமான, ஆழம் குறைந்த கிண்ணம் பாருங்கள். கடைகளில் அளவை 'சன்' என்று சொல்வார்கள். ஒரு சன் சுமார் 3 செ.மீ. 5 சன் கிண்ணத்தில் ரசம் சாதம் பிசையலாம், 7 சன் தட்டில் இரண்டு இட்லியும் இரண்டு சட்னியும் அடங்கும், தோசைக்கு 8 சன்னாவது வேண்டும்.

கிண்ணத்தை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். கழுவித் துடைப்பதில் துடைக்கும் வேலையை அவர்களுக்குக் கொடுங்கள். விளிம்பு பெயர்ந்த கிண்ணத்தில் மட்டும் சாப்பிடக் கொடுக்காதீர்கள், உதடு கிழியும்.

பழைய பொருள் சந்தையில் வாங்கிய வண்ணத் தட்டுகளில் கவனம் தேவை. பூச்சுக்கு மேல் தீட்டும் பழங்கால வண்ணங்களில் ஈயம் சேர்ப்பது சாதாரணம். புளியும் எலுமிச்சையும் அதை இழுத்துக்கொண்டு வரும். அவை சுவருக்கு அழகு, குழந்தையின் தட்டுக்கு வேண்டாம்.

உடைந்துவிட்டால்

கின்ட்சுகி பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். உடைந்ததைத் தங்கத்தால் ஒட்டுவது என்பார்கள். உண்மையில் ஒட்டுவது உருஷி என்ற மரப்பால். தங்கத்தூள் கடைசியில் மேலே தூவுவது. உருஷியைக் கோதுமை மாவோடு குழைத்து ஒட்டி, ஈரப்பதம் நிறைந்த பெட்டியில் வைத்து இறுக விட வேண்டும். ஆமாம், அது இறுகுவதற்கு ஈரக் காற்று வேண்டும். ஒவ்வொரு படிக்கும் நாட்கள், மொத்தத்தில் வாரக்கணக்கு, மாதக்கணக்கு.

உருஷி மரம் மா, முந்திரி, சேங்கொட்டை குடும்பத்தைச் சேர்ந்தது. மாங்காய்ப் பால் பட்டு வாய் புண்ணானவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இறுகாத உருஷி தோலில் பட்டால் அதைவிட மோசமாகக் கொப்பளிக்கும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது, பிள்ளைகளைப் பக்கத்தில் விடக் கூடாது. இணையத்தில் கிடைக்கும் பல 'கின்ட்சுகி கிட்'டுகளில் இருப்பது உருஷி இல்லை, எபாக்சி பசையும் பித்தளைத் தூளும். பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒட்ட அது போதும். ஆனால் ஒட்டிய கிண்ணத்தில் சாப்பிடாதீர்கள், சாவி போட்டு வையுங்கள். முறையாக உருஷியில் ஒட்டியதில் சாப்பிடலாம், மைக்ரோவேவும் டிஷ்வாஷரும் மட்டும் கூடாது.

தொழில்முறையில் ஒட்டக் கொடுத்தால் கிண்ணத்தின் விலையை விடக் கூலி அதிகம் ஆகலாம். எல்லாவற்றையும் ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றில்லை. மகளின் கிண்ணத்தை ஒட்டவில்லை. இரண்டு துண்டு இப்போது கறிவேப்பிலைத் தொட்டியில், வடிகால் ஓட்டை மேல் கிடக்கின்றன. மூன்றாவது அவள் மேசை டிராயரில்.

இந்த வாரம் ஷோகேஸைத் திறந்து ஒரே ஒரு கிண்ணத்தை வெளியே எடுங்கள். தட்டிப் பாருங்கள், அடியைப் பாருங்கள். தோகி என்றால் இன்று அரிசி கழுவிய தண்ணீரைக் கீழே ஊற்றாமல் எடுத்து வையுங்கள். இரண்டு நாள் காய்ந்த பிறகு, யாருக்கு அந்தக் கிண்ணம் என்று பிள்ளைகளே சண்டை போட்டு முடிவு பண்ணட்டும்.